பலரைக் கேட்கும் தேடுபொறி

புனே நகரத்துக்கு வடக்கே, நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் போசரி என்னும் ஊர் இருக்கிறது. ஊர் பழையது, ஆயினும் அதன் பெயரைச் சொன்னவுடன் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது தொழிற்பேட்டையே. இரும்புத் தகட்டை வெட்டியும் வளைத்தும் மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்யும் சிறு பட்டறைகள் இங்கு மிகுதி. அவற்றில் வேலை செய்வோரிடையே பல மொழியினர் உண்டு; தமிழரும் உண்டு. நாம் குடியிருப்பதும் இவ்வூரிலேதான். நம் உத்தியோகம் மத்திய அரசில் மொழிபெயர்ப்பு. பெற்றது கலைப் பட்டம். யந்திரங்களுக்கும் நமக்கும் உள்ள பழக்கமெல்லாம், விடியற்காலையில் அவை எழுப்பும் ஓசையைக் கேட்டுக் கண் விழிப்பதோடு சரி.

அடுத்த வீட்டுக்காரர் ஒரு பட்டறையில் ஃபோர்மன், விழுப்புரத்துப் பக்கம். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை அவர் ஓர் ஆங்கிலக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பவர் பிரஸ் என்னும் அழுத்த யந்திரத்தில் வேலை செய்வோருக்கான எச்சரிக்கைக் குறிப்புகள் அதில் இருந்தன. புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பையன்கள் படிப்பதற்காக அவற்றைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றார். ஒரே பக்கந்தான்; அரை மணி வேலை என்று எண்ணினோம். நடுவில் 'ஃபெயில்-சேஃப் பிரேக்' என்று ஒரு தொடர் வந்து நின்றது. சொல் காதில் விழுந்திருக்கிறது. அதற்குத் தமிழில் என்ன வழங்குகிறார்கள் என்பது தெரியவில்லை. கணிப்பொறியைத் திறந்து, ஒரே சமயத்தில் பல தேடுபொறிகளைக் கேட்டுச் சொல்லும் கூட்டுத் தேடுபொறி ஒன்றில் அத்தொடரை இட்டோம். ஏழு பக்கங்கள் வந்தன. ஏழும் ஏகமனதாக, 'பழுதுபடாத' என்றே பொருள் கூறின. ஏழு பேர் ஒன்றுபோல் சொல்லும்போது எட்டாவது ஆளுக்கு ஐயம் ஏது? அவ்வாறே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அந்த எட்டாவது ஆள் நாம். ஏன் ஐயப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், கூட்டுத் தேடுபொறி என்பது யாது, அது எவ்வாறு வேலை செய்கிறது என்பவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாதாரணத் தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. இணையத்தில் பக்கம் பக்கமாகச் சென்று படிப்பது முதல் வேலை. படித்தவற்றுக்குச் சொல்லடைவு தயாரிப்பது இரண்டாவது. பெரிய நூல்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் அடைவு ஒன்று இருக்கும் அல்லவா? அதைப் போன்றதே இதுவும். அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கேட்டவருக்கு எந்தப் பக்கத்தை முதலில் காட்டுவது, எதை அடுத்துக் காட்டுவது என்று வரிசைப்படுத்துவது மூன்றாவது வேலை. நாம் ஒரு சொல்லை இட்டவுடன் தேடுபொறி உலகமெங்கும் ஓடித் தேடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அவ்வாறன்று. அது தன் கையில் உள்ள அடைவைத்தான் புரட்டிப் பார்க்கிறது. அடைவில் ஏறாத பக்கம் அதனைப் பொறுத்தவரை இல்லாத பக்கமே.

கூட்டுத் தேடுபொறிக்கோ சொந்த அடைவு கிடையாது. நம் கேள்வியை வாங்கிப் பல தேடுபொறிகளுக்கு ஒரே சமயத்தில் அனுப்பி, அவை தரும் விடைகளைத் தொகுத்து, இரட்டித்தவற்றை நீக்கி, ஒரே பட்டியலாக நமக்குக் கொடுப்பதே அதன் தொழில். ஊரில் ஒரு நிலத்தின் எல்லையைப் பற்றி அறிய விரும்புபவர், தாமே பத்து வீடு ஏறி இறங்காமல், ஓர் ஆளை அனுப்பிப் பத்துப் பெரியவர்களையும் கேட்டு வரச் செய்வதைப் போன்றது இது. ஆங்கிலத்தில் இதற்கு 'மெட்டா' தேடுபொறி என்று பெயர்.

இத்தகைய ஏற்பாடு தோன்றியதற்குத் தக்க காரணம் இருந்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் வெப்கிராலர், லைகாஸ், ஆல்டாவிஸ்டா முதலிய தேடுபொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றில் கிடைப்பது மற்றொன்றில் கிடைக்காது. 1995இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் எரிக் செல்பர்க், ஓரென் எட்சியோனி என்னும் இருவர் மெட்டாகிராலர் என்ற கூட்டுத் தேடுபொறியை அமைத்தனர். அதே ஆண்டில் கொலராடோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் சாவிசர்ச் என்பதும் தோன்றிற்று. ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் மெட்டாகேர் 1996இல் பிறந்தது. கூகுள் என்னும் நிறுவனம் தோன்றுவதற்கு முன்பே கூட்டுத் தேடுபொறிகள் வழக்கத்துக்கு வந்துவிட்டன என்பது இதனால் விளங்கும்.

அக்காலத்தில் அவற்றின் பயன் எவ்வளவு என்பதை அளந்து காட்டியவர்களும் உண்டு. ஸ்டீவ் லாரன்ஸ், லீ கைல்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1998இல் சயன்ஸ் என்னும் விஞ்ஞான இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அடைவில் ஏற்றத்தக்க இணையப் பக்கங்கள் குறைந்தது 32 கோடி என்றும், அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு தேடுபொறியும் ஏற்றவில்லை என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். மறு ஆண்டில் நேச்சர் இதழில் அவர்கள் எழுதியபோது பக்கங்கள் 80 கோடியாகப் பெருகியிருந்தன. எந்த ஒரு தேடுபொறியும் 16 சதவிகிதத்துக்கு மேல் எட்டவில்லை. அந்நிலையில் ஒருவரை மட்டும் கேட்டு இருந்துவிடுவது அறிவுடைமை ஆகாது. பலரைக் கேட்பதே முறை.

இன்று தேடுபொறிகள் பெருத்துவிட்டன. ஆயினும் அந்த நன்மை அடியோடு போய்விடவில்லை. தமிழில் தேடுவோருக்கு அது நன்றாகவே புலப்படும். நம் மொழியில் சொற்கள் உருமாறிக்கொண்டே இருக்கும். 'கிணறு' என்பது வேற்றுமை ஏற்கும்போது 'கிணற்றில்' என்றும், 'கிணற்றுக்கு' என்றும் ஆகிறது. இம்மூன்றும் ஒரே சொல் என்று அறிந்த தேடுபொறி ஒருவகையாகத் தேடும்; அறியாதது வேறுவகையாகத் தேடும். ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் எழுதும் முறையிலும் ஆளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு தேடுபொறி நழுவவிட்டதை மற்றொன்று பிடித்துத் தருவது தமிழில் அடிக்கடி நிகழ்கிறது. ஜான் மர்டாக் என்பார் 1865இல் சென்னையில் வெளியிட்ட, அச்சான தமிழ் நூல்களின் அட்டவணையை ஒருசமயம் நாம் தேடினோம். ஒரு தேடுபொறி விற்பனைக்குள்ள மறுபதிப்புகளையே திரும்பத் திரும்பக் காட்டிற்று. கூட்டுத் தேடுபொறியில் இட்டபோது, நூலகம் ஒன்று ஒளிப்படமாக எடுத்துவைத்திருந்த முதற்பதிப்பே முதற்பக்கத்தில் வந்துவிட்டது. வேறொரு தேடுபொறியின் அடைவில் அது இருந்திருக்கிறது. நாமாக அங்குச் சென்று கேட்டிருக்க மாட்டோம்.

இன்னும் சில அனுகூலங்களும் உண்டு. நேரம் மிச்சமாகிறது. கேட்பவர் யார் என்பது மூலத் தேடுபொறிக்குத் தெரியாமல் மறைக்கப்படுகிறது. இடையில் நிற்கும் ஆளைத்தான் அது காண்கிறது. நம் பழைய தேடல்களை நினைவில் வைத்துக்கொண்டு, நமக்குப் பிடித்தவற்றையே காட்டும் வழக்கத்திலிருந்தும் ஓரளவு தப்பலாம். ஆனால் இடையில் நிற்பவர் நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும். ஏனெனில் அவருக்கு எல்லாம் தெரியும்.

இனி, தொகுக்கும் முறையைப் பார்ப்போம். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. பல பட்டியல்களை ஒன்றாக்குவது எவ்வாறு? இது கணிப்பொறிக் காலத்துக்கு வெகு முன்பே எழுந்த வினா. பிரான்ஸ் நாட்டில் போர்டா என்னும் அறிஞர், தேர்தலில் வாக்குகளை எண்ணுவது பற்றி 1770இல் விஞ்ஞானக் கழகத்தின் முன் ஒரு முறையை எடுத்துரைத்தார். முதலிடம் பெற்றவருக்கு அதிக மதிப்பெண், அடுத்தவருக்கு ஒன்று குறைவு என்று கொடுத்து, எல்லாருடைய பட்டியல்களிலும் பெற்றதைக் கூட்டிவிடுவது அம்முறை. கூட்டுத் தேடுபொறிகள் பலவும் இதனையோ இதன் வழிவந்த முறைகளையோ கையாளுகின்றன.

ஓர் உதாரணம் பாருங்கள். மூன்று தேடுபொறிகள், ஒவ்வொன்றும் ஐந்து பக்கங்களைத் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலிடத்துக்கு 5 மதிப்பெண், கடைசி இடத்துக்கு 1. ஒரு பக்கம் முதல் தேடுபொறியில் இரண்டாம் இடத்திலும், அடுத்ததில் இரண்டாம் இடத்திலும், மூன்றாவதில் மூன்றாம் இடத்திலும் இருக்கிறது. அது பெறுவது 4, 4, 3, ஆக 11. வேறொரு பக்கம் ஒரே தேடுபொறியில் மட்டும் முதலிடத்தில் இருக்கிறது. மற்ற இரண்டிலும் இல்லை. அது பெறுவது 5. ஆகவே 11 பெற்றது மேலே வரும். 5 பெற்றது கீழே போகும். பலருக்கும் தெரிந்தது உயர்கிறது; ஒருவருக்கு மட்டும் தெரிந்தது தாழ்கிறது. பொது விஷயங்களில் இது நல்ல நியாயமே. ஆனால் ஆராய்ச்சியாளர் நாடுவது பல சமயங்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்ததை அல்லவா? முறையின் நன்மையே அங்குக் குறையாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மேலே சொன்ன கணக்கில், மூன்று தேடுபொறிகளும் தனித்தனியே படித்துத் தனித்தனியே வரிசைப்படுத்தின என்று நாம் வைத்துக்கொண்டோம். அவற்றில் இரண்டு, ஒரே அடைவைப் பங்கிட்டுக்கொள்பவையாக இருந்தால்? அப்போது ஒருவரே இரு தடவை வாக்களித்ததாக ஆகிறது. இது கற்பனை அன்று. உலகம் முழுவதையும் தாமே சுற்றி அடைவு தயாரிக்கும் நிறுவனங்கள் மிகச் சிலவே. பெயர் பெற்ற தேடுபொறிகள் பல, கூகுளிடமிருந்தோ மைக்ரோசாஃப்டின் பிங்கிடமிருந்தோ விடைகளை வாங்கித் தம் பெயரில் காட்டுகின்றன. 2024ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி பிங் சில மணி நேரம் இயங்காமல் நின்றது. உடனே டக்டக்கோ, இகோசியா போன்றவையும் விடை தர இயலாமல் தவித்தன. வாயில்கள் பல, கிணறு ஒன்று என்பது அன்று பலருக்கும் தெரியவந்தது.

கிணற்றுக்கு உடையவர் கயிற்றை இழுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1996இல் பிறந்ததாக முன்னே கூறிய மெட்டாகேர், விளம்பர வருவாயைக் கொண்டு இலவசமாக நடந்துவந்தது. அதற்கு விடை வழங்கிவந்த பெரிய நிறுவனம் உடன்படிக்கையை முறித்துக்கொண்டதால், 2024 செப்டம்பரில் அந்த இலவசச் சேவையை நிறுத்திவிட்டது. பிற நிறுவனங்கள் தன் அடைவைக் கேட்டுப் பெறுவதற்காக பிங் வைத்திருந்த பழைய வாயிலும் 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதியோடு மூடப்பட்டது. பிறர் சொல்வதைத் தொகுப்பவர், பிறர் பேச மறுத்தால் மௌனமாக வேண்டியதுதான்.

சிறு குறைகளையும் சொல்லிவிடுவோம். ஒவ்வொரு தேடுபொறியிலிருந்தும் முதல் பத்தோ இருபதோதான் எடுத்துக்கொள்ளப்படும். ஆழத்தில் இருப்பது வெளிவராது. இன்ன ஆண்டுக்குள், இன்ன தொடர் மாறாமல் வரவேண்டும் என்றெல்லாம் நுட்பமாகக் கேட்க விரும்பினால், எல்லாத் தேடுபொறிகளும் அக்கட்டளையை ஒரேவிதமாக ஏற்பதில்லை. விரைவில் விடை தராததற்காகக் காத்திருக்க வேண்டும். அல்லது அதை விட்டுவிட வேண்டும். பணம் கொடுத்து இடம்பிடித்த விளம்பரங்கள் விடைகளோடு கலந்து வருவதும் உண்டு. அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டவேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வாணிகக் கமிஷன் 2002இலேயே தேடுபொறி நிறுவனங்களுக்கு எழுதிற்று. கூட்டுத் தேடுபொறிகளும் அதில் அடக்கம். இவையெல்லாம் பழகிக்கொள்ளக் கூடிய தொல்லைகள். பல சாட்சிகள் என்று தோன்றுவது ஒரே சாட்சியாக இருப்பதுதான் ஏமாற்றக்கூடியது.

போசரிக் கதைக்குத் திரும்புவோம். மறுநாள் மாலை ஃபோர்மன் வந்தார். கையில் நாம் எழுதிய காகிதம் இருந்தது.

"சார், எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகந்தான். பழுதே படாத பிரேக் என்று ஒன்று உண்டா?" என்றார்.

"ஆங்கிலத்தில் அப்படித்தானே இருக்கிறது?" என்றோம்.

"அதை நான் எப்படிச் சொல்வேன் சார்? எனக்குப் பிரஸ் தெரியும். அந்தப் பிரேக்கும் பழுதாகும். ஆனால் காற்று போய்விட்டால் ஸ்பிரிங் வந்து பிடித்துக்கொள்ளும். பழுதே ஆகாது என்று சுவரில் எழுதி வைத்தால், பையன்கள் மறைப்பைக் கழற்றிவிட்டு டைக்குள் கையை விடுவார்களே!"

நாம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். டை என்பது, தகட்டை வைத்து அழுத்தும் எஃகு அச்சு. மேலிருந்து இறங்கும் பாரத்துக்கும் அதற்கும் நடுவே விரல் அகப்பட்டால் விரல் மிஞ்சாது. ஒரு சொல்லை ஏழு பேர் சொல்லக் கேட்டு எழுதியதன் விளைவு அது வரைக்கும் போயிருக்கும்.

'ஃபெயில்-சேஃப்' என்பதன் பொருள், பழுது நேராது என்பது அன்று. பழுது நேரும்போது தீங்கில்லாத பக்கமாகச் சாயும்படி அமைந்தது என்பதே. ரயில் வண்டியின் காற்று பிரேக்கைப் பாருங்கள். 1870களில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அமைத்த முறையில், வண்டித்தொடர் நெடுகிலும் ஓடும் குழாயில் அழுத்திய காற்று நிரம்பியிருக்கும் வரையில்தான் பிரேக் விலகி நிற்கும். குழாய் அறுந்தாலோ பெட்டி கழன்றாலோ அழுத்தம் குறையும். உடனே ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள காற்றுக் கலத்தின் வலிமையால் பிரேக் தானே இறுகி, வண்டி நின்றுவிடும். பிரஸ்ஸிலும் காற்றழுத்தம் பிரேக்கை விலக்கிப் பிடித்திருக்கிறது. அது தளர்ந்தால் சுருள்வில் பிரேக்கை இறுக்குகிறது. ஆனால் சுருள்வில்லும் ஒடியலாம். தேய்ந்த பிரேக் வழுக்கலாம். அதனால்தான் மறைப்பு வேண்டும் என்கிறார்கள்.

அன்றிரவு அந்த ஏழு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தோம். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அது. நான்கு பக்கங்களில் இருந்தது எழுத்துக்கு எழுத்து ஒரே சொற்பட்டியல். அதில் ஓரிடத்தில் 'பழுதுபடாத' என்பது 'பழுதுபாடாத' என்று பிழையாக அச்சாகியிருந்தது. நான்கிலும் அதே இடத்தில் அதே பிழை. இரண்டு பக்கங்கள் யந்திர மொழிபெயர்ப்பால் ஆனவை. ஏழாவது பக்கம், அந்த நான்கில் ஒன்றைச் சுட்டி எழுதியது. ஆக, ஏழு சாட்சிகள் என்று நாம் எண்ணியது, பெரும்பாலும் ஒரே வாய். அந்த வாயும் யாருடையது என்று தெரியவில்லை.

இந்த உண்மையை விளக்குவதற்கு வெளிநாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. புனேயிலேயே அதற்குப் பெரியதொரு சான்று இருக்கிறது. 1917இல் நிறுவப்பெற்ற பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம், மகாபாரதத்தின் ஆராய்ச்சிப் பதிப்பை 1919இல் தொடங்கி 1966இல் முடித்தது. வி. எஸ். சுக்தங்கர் 1925 முதல் அதன் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து முறைகளை வகுத்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும், பல எழுத்துகளில் அமைந்த நூற்றுக்கணக்கான ஏட்டுப் படிகள் ஒப்பிடப்பட்டன. நம் தென்னாட்டுக் கிரந்த எழுத்துப் படிகளும் அவற்றில் இருந்தன. ஒரு சுலோகத்தில் பாடம் வேறுபட்டால், எந்தப் பாடம் அதிகப் படிகளில் இருக்கிறது என்று தலை எண்ணி அவர்கள் முடிவு செய்யவில்லை. ஒரு மூலப்படியைப் பார்த்துப் பத்துப் படிகள் எழுதப்பட்டிருந்தால், மூலத்தில் இருந்த பிழை பத்திலும் இருக்கும். அந்தப் பத்தும் சேர்ந்து ஒரு சாட்சிதான். எவை ஒரு குடும்பம் என்று கண்டுபிடிப்பது எப்படி? பொதுவான பிழைகளைக் கொண்டுதான். சரியான பாடம் எங்கும் ஒன்றுபோல் இருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே பிழை பலவற்றில் காணப்பட்டால், அவை ஒரு வயிற்றில் பிறந்தவை என்று கொள்ளலாம். நம் நான்கு பக்கங்களைக் காட்டிக்கொடுத்த அச்சுப்பிழையும் அத்தகையதே.

தொகுப்பின் பயனையும் அந்தப் பழைய உலகம் நன்கு அறிந்திருந்தது. ஜெர்மானிய அறிஞர் ஔஃப்ரெக்ட், பல இடங்களில் உள்ள சமஸ்கிருத ஏட்டுச்சுவடிகளின் அட்டவணைகளையெல்லாம் சேர்த்து, 'அட்டவணைகளின் அட்டவணை' ஒன்றை 1891 முதல் 1903 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். அதைப் புதுப்பித்து விரிவாக்கும் பணியைச் சென்னைப் பல்கலைக் கழகம் 1935இல் மேற்கொண்டது. டாக்டர் வே. ராகவன் அதில் நெடுங்காலம் உழைத்தார். முதல் தொகுதி 1949இல் வெளிவந்தது. கூட்டுத் தேடுபொறிக்கு மூத்தது என்று இதனைக் கூறலாம். ஒரு நூலின் சுவடி புனேயிலா, தஞ்சையிலா, லண்டனிலா இருக்கிறது என்று அது காட்டும். பதிப்பாசிரியருக்கு அலைச்சல் குறையும். ஆனால் அட்டவணையைப் பார்த்தே எவரும் நூலைப் பதிப்பித்ததில்லை. அது காட்டிய இடத்துக்குச் சென்று சுவடியை அவிழ்த்துப் படித்தார்கள். சுவடி தேடி ஊர் ஊராய் அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கையை அறிந்த தமிழருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே, கூட்டுத் தேடுபொறியைத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று அறிவதற்கு அது மிகச் சிறந்த துணை. புதிய விஷயம் ஒன்றில் புகும்போது முதலில் அதையே நாடலாம். எது உண்மை என்று தீர்ப்புக் கூறும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. பட்டியலில் வரும் தலைப்புகளைப் படித்துவிட்டு மனநிறைவு அடையாமல், பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டும். சொற்றொடர்கள் ஒன்றுபோல் இருக்கின்றனவா, பிழைகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா, முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில் சொன்னார் என்று கவனிக்க வேண்டும். இத்தனை பேர் சொல்கிறார்களே என்று தோன்றும்போதெல்லாம், இவர்கள் அனைவரும் யாரைக் கேட்டுச் சொல்கிறார்கள் என்று வினவுவது நல்ல பழக்கம்.

பொதுத் தேடுபொறிகளின் கை எட்டாத இடங்கள் உண்டு என்பதையும் மறக்கலாகாது. நூலகங்களின் அட்டவணைகள், ஒளிப்படமாக மட்டும் இருக்கும் பழைய நூல்கள், ஒருங்குறி வருவதற்கு முன் பலவகை எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் ஆகியவை பெரும்பாலும் எந்த அடைவிலும் ஏறுவதில்லை. எத்தனை தேடுபொறிகளைக் கூட்டினாலும் அவை கிடைக்கமாட்டா. அத்தகைய இடங்களுக்கு நேரே போக வேண்டும். சொற்பொருள் வேண்டுமானால், சென்னைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இருக்கிறது. சிகாகோ பல்கலைக் கழகத்தின் முயற்சியால் அது இணையத்திலேயே படிக்கக் கிடைக்கிறது. 1961இல் மத்திய அரசு அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் தொகுப்புகளும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் பட்டியல்களும் இருக்கின்றன. இவற்றிலும் பிழை இருக்கலாம். ஆனால் பிழைக்குப் பொறுப்பானவர் யார் என்பதாவது தெரியும்.

பல பக்கங்களைப் படித்துச் சுருக்கி, ஒரே பத்தியில் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றுக்கும் இவ்விதியே பொருந்தும். இன்னும் அதிகமாகவே பொருந்தும். கூட்டுத் தேடுபொறி ஏழு பக்கங்களையும் வரிசையாகக் காட்டிற்று. திறந்து பார்க்காதது நம் குற்றம். ஏழையும் ஒன்றாகக் கரைத்துத் தரும் யந்திரத்தில், நான்கு பக்கங்களிலும் இருந்த அந்தப் பொதுப்பிழை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

நூலும் அகராதியும் தாண்டி, பொருளோடு பழகுபவரைக் கேட்பது என்று ஒரு வழி இருக்கிறது. அந்த ஃபோர்மனின் பெயர் எந்த அடைவிலும் இல்லை. ஆனால் அவர் ஏழு பக்கங்களுக்கும் எதிராக ஒரே சாட்சியாக நின்றார்; அவர் சொன்னதே சரி. ஏனெனில் அவர் பிறரைக் கேட்டுச் சொல்லவில்லை. பிரேக்கைக் கழற்றிப் பார்த்துச் சொன்னார்.

அந்த வாக்கியத்தை அவருடன் உட்கார்ந்து மீண்டும் எழுதினோம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற ஆசையை விட்டுவிட்டோம். இப்போது அந்தப் பட்டறைச் சுவரில் இவ்வாறு இருக்கிறது: "காற்றழுத்தம் குறைந்தால் பிரேக் தானே பிடித்துப் பிரஸ் நிற்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. பிரேக்கும் பழுதாகலாம். மறைப்பைக் கழற்றாதீர்கள். டைக்குள் கையை விடாதீர்கள்."